பராமரிப்பு ஃபோல்டர்

என் தங்கையின் கணவர் கோட்டு எடுக்கப் போய்ச் செத்துப்போனார் என்று கம்பெனி சொன்னது. இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. அந்த நாசூக்கெல்லாம் அவர்களுக்கு உண்டு. "பாதுகாப்பாக வெளியேறிய பின்னர், தனிப்பட்ட உடைமையை எடுக்கும் பொருட்டுத் தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் உள்ளே சென்றதாகத் தெரிகிறது" என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். தெரிகிறதாம். யாருக்குத் தெரிந்தது, எந்தக் கண்ணால் தெரிந்தது என்று கேட்டால் வாயைத் திறக்க ஆளில்லை.

மாப்பிள்ளை வேலை பார்த்தது மீனை உறைய வைத்து அடுக்கும் ஒரு குளிர்க்கிடங்கில். குளிரூட்டும் இயந்திரங்கள் ஓடும் மெஷின் ரூமுக்கு அவர்தான் ஆபரேட்டர். அந்த இயந்திரங்களுக்குள் ஓடுவது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை சாது. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் பொசுக்கிவிடும். அன்று காலை பெரிய வால்வு ஒன்று பிய்த்துக்கொண்டது. மெஷின் ரூம் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும், உள்ளேயும் வெளியேயும். அவர் வெளியே வந்தது பதிவாகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்ப உள்ளே போனதும் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு அவருடைய அட்டையை எந்தக் கதவும் பார்க்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் அவரை மேஜையடியில் கண்டெடுத்தார்கள். மேஜைக்கு மேலே ஆணியில் அவருடைய கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்துக் கம்பெனி கதையை முடித்துவிட்டது.

அந்தக் கதை ஊர் சுற்றிப் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. "உங்கப்பா கோட்டுக்காகச் செத்தாராமே" என்று யாரோ ஒரு வாண்டு கேட்டிருக்கிறது. தங்கையின் மகள் பையைத் தூக்கிக்கொண்டு பாதி வகுப்பில் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் அழவில்லை. "அப்பா ஏன்மா திரும்ப உள்ள போனார்?" என்று மட்டும் கேட்டாள். என் தங்கை அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கம்பெனி என்ன வேணா கொடுக்கட்டும், கொடுக்காம போகட்டும்ணா," என்றாள் தங்கை. "அவர் ஏன் திரும்பப் போனார்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அவரை எனக்குத் தெரியும். அடுப்பு மேல தீக்குச்சி கிடந்தாக்கூட எடுத்து வெச்சிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். அந்த மனுஷன் கோட்டுக்காக உள்ள போவாரா?"

போகமாட்டார். அது எனக்கும் தெரியும். ஆனால் தெரியும் என்பதை வைத்துக்கொண்டு விசாரணையில் ஒன்றும் கிழிக்க முடியாது.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் ஒரு அச்சகக் கம்பெனியில் மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறவன். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் என் தொழிலை வைத்துத்தான் என்னை ஓட்டுவார். "மச்சான், உங்க ஆளுங்க எங்க ஆபீஸ்ல கோழிப் பண்ணை வெச்சிருக்காங்க, தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அவர்கள் மேனேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தார். எந்தப் பழுதானாலும் மெயிலில் எழுத வேண்டும், மெயிலில் இல்லாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். எழுதுகிற மெயில் 'பராமரிப்பு' என்ற பொது ஃபோல்டரில் போய் விழும். ஆபீஸ், பேக்கிங் ஹால், வாசல் காவல் என்று எல்லா இடத்துத் திரையிலும் அந்த ஃபோல்டர் திறந்தே இருக்கும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாப்பிள்ளை தமிழில் எழுதி அனுப்பினால், அங்கே தலையில் தொப்பியும் காலில் வாலும் வைத்த என்னென்னவோ எழுத்தாகத்தான் போய் விழும். கோழிக் கிறுக்கல். அதனால் அந்த மெயிலுக்கே கோழி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"மேல இருக்கற பொண்ணு உடனே போன் பண்ணும் மச்சான். 'அண்ணே, கோழி வந்திருக்கு, என்னன்னு சொல்லுங்க'ன்னு. நான் வாயால சொல்லுவேன். அது எழுதிக்கும். அப்புறம் எதுக்கு மெயிலுன்னு கேட்டா, மெயில் இருக்கணும்ல, அதுக்குங்கறாங்க."

அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். "அது ஒரு செட்டிங் மாப்ளே. மாத்தச் சொல்லுங்க," என்பேன். சொல்லியிருக்கிறார். அந்த மேனேஜருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'ஆச்சு'. எதைக் கேட்டாலும் "ஆச்சு, ஆச்சு" என்பாராம். விபத்துக்குச் சில நாள் முன்னால் மாப்பிள்ளை போனில் சொன்னார். "மச்சான், உங்க கோழிப் பண்ணையை மூடிட்டாங்க. சரி பண்ணியாச்சாம். இனிமே போன் எல்லாம் கிடையாதுன்னு ஆச்சு சார் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டார்." நான்கூட நல்லதாகப் போச்சு என்றேன்.

அப்படியென்றால் வால்வு பிய்த்துக்கொண்டபோது அவர் மெயில் அனுப்பாமல் வெளியே வந்திருக்கமாட்டார். சைரன் பொத்தான் ஆபீசில்தான் இருந்தது, மெஷின் ரூமில் கிடையாது. வாயுவை மோப்பம் பிடித்துத் தானே அலற வேண்டிய கருவி எப்போதோ கெட்டுப்போயிருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல அவர் கையில் இருந்தது அந்த ஃபோல்டர் ஒன்றுதான். ஆனால் அறிக்கையில் மெயில் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன் அலுவலக ஊழியர் ஒருவர் சமயோசிதமாகச் சைரனை அழுத்தியதால் பேக்கிங் ஹாலில் இருந்த பெண்கள் அனைவரும் உயிர் தப்பினர் என்று மட்டும் இருந்தது.

விசாரணை செய்த தொழிலாளர் துறை அதிகாரி ஒரு பெண். அலைந்து களைத்த முகம், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலைல நானும் வர்றேன். உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்துடுவோம்," என்றார். கம்பெனிக்கும் தகவல் அனுப்பிவிட்டார். சட்டப்படி அனுப்பத்தான் வேண்டும். அங்கேதான் வினை.

மறுநாள் போனோம். ஆச்சு சார் வாசலுக்கே வந்து வரவேற்றார். பளபளவென்று சவரம் செய்த முகம். என் தங்கையைப் பார்த்துக் கைகூப்பி, "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா," என்றார். தங்கமான மனுஷனைக் கோட்டுக்குச் செத்தவனாக எழுதிய கை அது.

மாடியில் ஆபீஸ். ஜன்னலுக்குக் கீழே பேக்கிங் ஹால் தெரிந்தது. ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்ட பெண்கள் மீன் தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன் மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றவள், என் தங்கையைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அவள் மேஜையில் ஒரு டெலிபோன். பக்கத்துச் சுவரில் சிவப்புச் சைரன் பொத்தான். சமயோசித ஊழியர் இவள்தான் என்று புரிந்தது.

"மேடம், அந்த ஃபோல்டர்ல ஒரே குப்பை," என்றார் ஆச்சு சார் அதிகாரியிடம். "நீங்க வந்து படிக்க முடியாம கஷ்டப்படக் கூடாதுன்னு காலைல இருந்து நம்ம ஆளை உட்கார வெச்சு சரி பண்ணிட்டு இருக்கேன். பழசு எல்லாத்தையும் படிக்கிற மாதிரி மாத்திடுவோம். முக்கால்வாசி ஆச்சு."

"எங்க உட்கார்ந்திருக்கார் உங்க ஆளு?" என்று கேட்டேன். அவர் காட்டிய அறைக்கு நான் நடக்கவில்லை, ஓடினேன்.

சர்வர் அறை என்று பெயர். பழைய நாற்காலிகளும் உடைந்த விசிறியும் போட்டு வைத்த பொந்து. கண்ணாடி போட்ட ஒல்லி இளைஞன் ஒருவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தம்பி, என்ன ஓடுது?"

"கன்வர்ட் சார். ஃபோல்டர்ல இருக்கற மெயில் எல்லாம்..."

"எதுலேர்ந்து எதுக்கு மாத்துறே?"

அவன் சொன்னான். நான் "நிறுத்து!" என்று கத்திய கத்தலில் அவன் கை தானாகப் போய் நிறுத்திவிட்டது. பின்னாலேயே வந்த அதிகாரி, "என்னாச்சு?" என்றார்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவருக்குச் சொன்னேன். கம்ப்யூட்டருக்கு எழுத்தெல்லாம் தெரியாது, எண்தான் தெரியும். இந்த எண் வந்தால் இந்த எழுத்தைக் காட்டு என்று ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு மொழிக்காரர்களும் ஒவ்வொரு அட்டவணை வைத்திருந்தார்கள். மெயிலின் தலைப்பில் 'என்னை இந்த அட்டவணை வைத்துப் படி' என்று ஒரு வரி இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை. மெஷின் ரூமில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அந்த வரியைப் போடாது. வரி இல்லாமல் வந்த மெயிலுக்கு ஃபோல்டர் தன்னுடைய டிஃபால்ட் அட்டவணையை, அதாவது தனக்கென்று முன்பே வைத்த அட்டவணையை, எடுத்துக்கொள்ளும். 'பராமரிப்பு' ஃபோல்டரை எந்தக் காலத்திலோ யாரோ தொடங்கியபோது, தமிழே தெரியாத ஓர் அட்டவணையை டிஃபால்டாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால்தான் கோழி.

"அப்ப மெயில் கெட்டுப் போகலையா?" என்றார் அதிகாரி.

"கெடலை மேடம். எண் அப்படியே இருக்கு. வேற யாரோட கண்ணாடியையோ மாட்டிக்கிட்டுப் படிக்கிறாங்க, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழட்டினா தமிழ் அப்படியே தெரியும். ஆனா இப்ப இவங்க பண்றது வேற. அந்தக் கோழியையே எழுத்துன்னு நம்பி, இன்னொரு அட்டவணைக்கு மாத்தி, அதே இடத்துல திருப்பி எழுதுறாங்க. அந்த அட்டவணையில இடமில்லாததுக்கெல்லாம் கேள்விக்குறி விழும். ஒரு தடவை கேள்விக்குறி விழுந்துட்டா முடிஞ்சது. அதுக்கடியில ஒண்ணும் இருக்காது."

இளைஞனிடம், மாற்றி முடித்த ஒரு மெயிலைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்தான். மாப்பிள்ளை எழுதியது. வரி வரியாகக் கேள்விக்குறி. நடுநடுவே இடைவெளி மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. பழைய மெயிலில் தொடங்கி வரிசையாக விழுங்கிக்கொண்டு வந்திருந்தது. அந்த வால்வைப் பற்றி அவர் முன்பே எழுதியிருப்பார். ஒரு தடவை இல்லை, பல தடவை எழுதியிருப்பார். அவர் சுபாவம் அது. எதுவும் மிஞ்சவில்லை.

"காப்பி எடுத்து வெச்சியா தம்பி?"

"பொது ஃபோல்டருக்குக் காப்பி வேண்டாம்னு சார் சொல்லிட்டார் சார்."

ஆச்சு சார் கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார். "நல்லெண்ணத்துலதான் மேடம் பண்ணோம்," என்றார். வேண்டுமென்று செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவரைப் பார்த்து என் வாயில் வந்ததை அதிகாரி இருந்ததால் மென்று முழுங்கினேன்.

விபத்து நடந்த நாளின் மெயில் கடைசியில் இருந்தது. அதுவரைக்கும் கன்வர்ட் வந்து சேரவில்லை. தொப்பியும் வாலும் வைத்த கோழியாகவே கிடந்தது. கோழியைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

"அன்னைக்கு இதைச் சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே," என்று இளைஞனைக் கேட்டேன். "என்ன பண்ணீங்க?"

"சர்வரோட டிஃபால்ட்டை மாத்தினேன் சார்."

"அது புதுசா தொடங்கற ஃபோல்டருக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே இருக்கற ஃபோல்டர் தன்னோட பழைய செட்டிங்கைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஃபோல்டருக்குத் தனியா மாத்தணும், மாத்திட்டு மெஷின் ரூம்லேர்ந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கணும்னு சொன்னேன். சார் அதுக்குள்ள எல்லாரையும் கூப்பிட்டு ஆச்சுன்னு சொல்லிட்டார். அப்புறம் எனக்கு வேற வேலை வந்துடுச்சு." அவன் கண்ணாடியைக் கழற்றினான். "அனுப்பிப் பார்த்திருக்கணும் சார்."

பார்த்திருக்க வேண்டும்தான். அவனைத் திட்ட வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மெயிலைத் தனியே ஒரு காப்பி எடுத்தேன். அதிகாரி ஆபீஸுக்கே எல்லோரையும் வரச் சொன்னார். முன் மேஜைப் பெண்ணின் திரையில்தான் திறந்தேன், அங்கேதான் எல்லோரும் நின்று பார்க்க இடம் இருந்தது. என் தங்கை எனக்குப் பின்னால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டவணையை மாற்றினேன். கோழி எல்லாம் கலைந்து, மாப்பிள்ளையின் தமிழ் வந்து உட்கார்ந்தது.

"நீங்களே படிங்க," என்றார் அதிகாரி.

படித்தேன்.

"பெரிய வால்வு பிச்சுக்கிச்சு. அமோனியா வேகமா வருது. பேக்கிங் ஹாலை உடனே காலி பண்ணுங்க. சைரன் அடிங்க. கிழக்கு வாசல் வழியா அனுப்புங்க, மேற்குப் பக்கம் காத்து அடிக்குது, அந்தப் பக்கம் யாரும் வர வேணாம். நான் வெளியே போறேன். போன் பண்ண வேணாம், எடுக்க ஆள் இருக்காது."

கடைசி வரி என்ன சொல்கிறது என்று அப்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை. உறைத்தது வேறொருத்திக்கு. பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன் மேஜைப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நான் பண்ணேன்," என்றாள். "நான் போன் பண்ணேன்."

"ஏம்மா, நீ சும்மா இரு," என்றார் ஆச்சு சார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் அதிகாரி அவரிடம். "நீ சொல்லும்மா."

"கோழி வந்துச்சு மேடம். சரி பண்ணியாச்சுன்னு சொன்னாங்க, ஆனா கோழிதான் வந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. கோழி வந்தா போன் பண்ணணும், அதுதான் பழக்கம். யோசிக்கவே இல்லை. கை தானா போயிடுச்சு. ரொம்ப நேரம் அடிச்சுது. அண்ணன் டீக்குப் போயிருப்பார்னு வைக்கப் போனேன். அப்ப எடுத்தார்."

மெஷின் ரூமில் இரைச்சல் காதைப் பிளக்கும். அதனால் அங்கே டெலிபோனோடு ஒரு பெரிய மணியை இணைத்து, கதவுக்கு வெளியே தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை அந்தக் கதவுக்கு வெளியே, நல்ல காற்றில் நின்றிருக்கிறார். பேக்கிங் ஹாலில் இருந்து ஜனங்கள் வெளியே வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். யாரும் வரவில்லை. சைரன் இல்லை. மணி அடிக்கிறது. மணி அடித்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுதியது கோழியாகத்தான் போயிருக்கிறது, ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆபீசுக்குச் சுற்றி ஓடிப் படியேறுவதைவிட உள்ளே மேஜையில் இருக்கும் போனை எடுப்பது சீக்கிரம்.

"என்ன சொன்னார்?" என் தங்கைதான் கேட்டாள். அந்தக் கட்டடத்துக்குள் வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஒண்ணும் சொல்லலைக்கா. 'அண்ணே, கோழி வந்திருக்கு, என்னன்னு சொல்லுங்க'ன்னேன். அவரால பேச முடியலை. இருமினார். இருமிக்கிட்டே ரிசீவரை மேஜையில தட்டினார். தட்டிக்கிட்டே இருந்தார். அப்பதான் ஏதோ தப்புன்னு ஓடிப் போய் சைரனை அழுத்தினேன். திரும்பி வந்து போனை எடுத்தா..." அவள் மேஜையிலிருந்த டெலிபோனைப் பார்த்தாள். "தட்டுற சத்தம் இல்லைக்கா."

கீழே ஹாலில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?" என்றார் அதிகாரி.

அந்தப் பெண் ஆச்சு சாரைப் பார்த்தாள். "போன் பண்ணதை வெளிய சொன்னா உனக்குத்தான் சிக்கல், நீதான் உள்ள இழுத்ததா ஆயிடும்னார். சொல்லாம இருந்தா எல்லாரையும் காப்பாத்தினவன்னு எழுதறேன்னார்."

ஆச்சு சாருக்கு அன்றைக்கு முதல் தடவையாக "ஆச்சு" என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கோட்டு என்ற பேச்சே இனி அறிக்கையில் இருக்காது என்றார். வால்வு பழுது பற்றி முன்பே எச்சரித்தாரா என்பதற்கு மட்டும் எதுவும் எழுத முடியாது, அந்த மெயில்கள் இல்லை என்றார். அது ஆச்சு சாருக்குக் கேட்டது. அவர் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். அவர் ஒருநாள் அதற்கும் சேர்த்து அனுபவிப்பார் என்று மனதார நினைத்தேன். நினைத்ததில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"இப்ப இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஃபோல்டர் செட்டிங்கைத் திறந்து ஒரு இடத்துல அட்டவணையை மாத்தணும் மேடம். தண்ணி குடிக்கிற நேரம்."

"மாத்துங்க. மாத்திட்டு மெஷின் ரூம்லேர்ந்து ஒரு மெயில் அனுப்பிப் பாருங்க. இனி யாராவது ஆச்சுன்னு சொல்லி நான் நம்பறதா இல்லை."

இளைஞனைத்தான் மாற்றச் சொன்னேன். மாற்றினான். நான் மெஷின் ரூமுக்குக் கிளம்பினேன். தங்கை, "நானும் வர்றேன்," என்றாள். வேண்டாம்மா என்று சொல்லிப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மெஷின் ரூமில் புது ஆபரேட்டர் ஒருவர் கழுத்தில் முகமூடியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய அட்டையில்தான் கதவு திறந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் மூக்கைக் குத்தும் ஒரு நெடி எங்கோ மூலையில் மிச்சம் இருந்தது. பெரிய வால்வு புதிது, பெயின்ட்டின் பளபளப்புக்கூடப் போகவில்லை. பழைய மேஜை. பழைய கம்ப்யூட்டர். மேஜைக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. மேஜை ஓரத்தில் டெலிபோன். அதன் பக்கத்தில் மரத்தில் அரை நிலவாகச் சின்னச் சின்ன வெட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. தங்கை அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். எதனால் வந்த வெட்டு என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் நாற்காலியை இழுத்து 'சோதனை' என்று தட்டப் போனேன்.

"தள்ளு, நான் எழுதறேன்," என்றாள்.

எழுந்து இடம் விட்டேன். அவளுக்குத் தட்டச்சு சரியாக வராது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். "நான் வெளியே போறேன். போன் பண்ண வேணாம்." அனுப்புகிற பொத்தானை அவளே அழுத்தினாள்.

வெளியே வந்தோம். ஆபரேட்டரும் வந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தலைக்கு மேலே அந்த மணி, பள்ளிக்கூடத்து மணி அளவுக்குப் பெரியது, விளிம்பில் துரு. தங்கை அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெயில் முகத்தில் அடித்தது. அவர் நின்ற இடம் இதுதான்.

"அடிக்கலையேண்ணா."

"படிச்சுட்டாங்கம்மா."

அவள் மணியிலிருந்து கண்ணை எடுத்து ஆபீஸ் பக்கம் பார்த்தாள். மாடி ஜன்னலில் அந்தப் பெண் தெரிந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், புரிந்தது என்பதாக. அதைப் பார்த்த பிறகுதான் என் தங்கை அழுதாள். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கேட்கிறவர்களைப் பற்றிக் கவலை இல்லாமல் அழுதாள். நான் தடுக்கவில்லை.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாசலை நோக்கி நடக்கையில், "பாப்பாகிட்ட என்னம்மா சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாங்க, போனார்னு சொல்லப் போறேன்," என்றாள்.